ஆளில்லாத ஊரில் ஒரு காய்ச்சல்

ஓய்வு பெற்றவனுக்கு வேலை நாளில், அதுவும் காலையில், தொலைபேசி வந்தால் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்றில் யாரோ செத்துப்போனார். இல்லாவிட்டால் பழைய அலுவலகத்தில் ஏதோ அலுமாரியைப் பூட்டிய திறப்பைக் காணவில்லை. போன மாதம் கீர்த்தனா அழைத்தபோது நான் திறப்பு என்றுதான் நினைத்தேன். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். கெட்டிக்காரி, கேள்வி கேட்காமல் எதையும் செய்யமாட்டாள்.

“ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். எங்கடை நோயறிக்கையிலை ஆளின்ரை இடத்தை ஏன் ரெண்டு தரம் கேக்கிறம்? பிறப்பிடம் எண்டும் கேக்கிறம், இப்ப எங்கை படுத்தெழும்புறியள் எண்டும் கேக்கிறம். இப்ப இன்னும் ரெண்டு மூண்டு நாட்டையும் சேர்த்துப் புதுக் கணினி முறை வருகுது. ஒண்டையே ரெண்டு தரம் கேக்கிறது வீண், ஒண்டை வெட்டுங்கோ எண்டு சொல்லுகினம்.”

“ஆர் சொல்லுகினம்?”

“மேலிடம்.”

“மேலிடத்துக்குச் சொல்லு பிள்ளை, உந்தக் கேள்வியிலை கை வைச்சால் நான் பென்சனை விட்டிட்டுத் திரும்ப வேலைக்கு வந்திடுவன் எண்டு.”

அவள் சிரித்தாள். அந்த மிரட்டல் மேலிடத்தில் எடுபடாது என்று இருவருக்கும் தெரியும். “என்ன நடந்தது எண்டு எழுதித் தாங்கோ ஐயா. காரணம் தெரிஞ்சால் வெட்டமாட்டினம்,” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயர் ஒன்றையும் மாற்றியிருக்கிறேன். உண்மையான பெயரைப் போட்டால் அவ்வூர்ச் சங்கத்தார் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மாறி மாறித் தொலைபேசி எடுப்பார்கள். ஆகவே அதை வெள்ளன்துறை என்று வைத்துக்கொள்வோம்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக இருந்தவன். சனங்கள் வாயில் பி.எச்.ஐ. சொந்த இடமும் குடியிருக்கும் இடமும் கொழும்புத்துறைதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தோம். வேலைக்கு வந்து யாழ்ப்பாணத்துக் காணித் துண்டுகளைக் கண்டதும் அதை மெதுவாக மறந்தோம். பிறகு என்னை மலேரியாப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

மலேரியா எங்கள் நாட்டை விட்டுப் போன பிறகு வேலை குறையும் என்று நினைத்தோம். கூடிவிட்டது. வீட்டைக் கூட்டித் துடைத்தபின் செருப்போடு உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. வருத்தம் வெளியிலிருந்து ஆட்களின் இரத்தத்தில்தான் வரும். இங்கே அதைப் பரப்புகிற நுளம்பு இன்னும் இருக்கிறது. எங்கள் தோட்டக் கிணறுகளில் சொகுசாக வளர்கிறது.

கடலுக்கு அப்பால் இந்தியாவின் எதிர்க்கரை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் செய்தி வருகிற வழி பக்கத்தில் இருக்கவில்லை. அங்கே ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்தால், அந்தத் தகவல் மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், கொழும்புக்கு வந்து, பிறகு யாழ்ப்பாணம் வரும். ஆள் அதற்குள் வந்து, கோயில் கும்பிட்டு, சொந்தக்காரர் வீடெல்லாம் சாப்பிட்டுத் திரும்பிப் போயிருப்பார். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இரண்டு கரையின் நோய்த் தகவலையும் ஒரே கணினி முறையில் சேர்க்கத் தீர்மானித்தார்கள். முதலில் பரீட்சார்த்தமாக எங்கள் மாவட்டத்தையும் அவர்களுடைய கரையோர மாவட்டம் ஒன்றையும் இணைத்தார்கள்.

கணினிகளைச் சேர்ப்பது சுலபம். வழக்கங்களைச் சேர்ப்பதுதான் பாடு. அவர்களுடைய நோய்க் கிழமை திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். எங்களுடையது சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். யாருடைய கிழமையை யார் விட்டுக்கொடுப்பது என்பதிலேயே ஒரு முழுப் பகல் போனது. அவர்கள் ஒன்றியம், ஊராட்சி என்பார்கள். நாங்கள் பிரதேச செயலகம், கிராம சேவகர் பிரிவு என்போம். நாங்கள் பிறந்த திகதி கேட்போம், அவர்கள் வயது கேட்பார்கள். அந்தக் கூட்டங்களில்தான் எதிர்க்கரைச் சுகாதார ஆய்வாளர் முருகேசனைக் கணினித் திரையில் பழக்கமானேன். எங்கள் இருவருக்கும் மேலதிகாரிகள் பேசும்போது கொட்டாவி வரும். அந்த ஒற்றுமையில் சிநேகிதமாகி, தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டோம்.

இனி டொக்டர் எஸ்தர். எங்கள் பிரிவின் வைத்திய அதிகாரி. மெதடிஸ்தக் குடும்பம், மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு, கஞ்சி போட்ட நூல் சேலை. கோபம் வந்தால் அவருடைய குரல் ஏறாது, இறங்கும். காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் அன்று யாரோ தொலைந்தார் என்று அர்த்தம். நாங்கள் வெளியில் போய்வந்து விபரம் சொன்னால், முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும் திருப்பிக் கேட்பார்.

“வீடு பூட்டியிருந்தது டொக்டர்.”

“பூட்டியிருந்ததோ?”

அவ்வளவுதான். ஏசமாட்டார். நாங்கள் பேசாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவோம். ஆரம்பத்தில் எனக்கு அந்த ஓகாரத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நானும் லேசில் கோபம் வருகிறவன்தான். பிறகு பிறகு, வெளியில் நிற்கும்போதே அவர் எதைத் திருப்பிக் கேட்பார் என்று யோசித்து அதை முடித்துவிட்டு வரப் பழகினேன். என்னை வேலைக்காரனாக்கியது அந்த ஓகாரம்தான்.

இன்னொரு கட்டளையும் அவருக்கு உண்டு. “சனத்துக்குப் பொய் சொல்லக் கூடாது. ஒருத்தற்றை வருத்தத்தை இன்னொருத்தருக்குச் சொல்லவும் கூடாது. உந்த ரெண்டுக்கும் நடுவிலை எவ்வளவு இடம் இருக்கோ, அதுக்குள்ளை நிண்டு கதையுங்கோ.” அந்த இடம் எவ்வளவு ஒடுக்கம் என்பதை நான் பின்னால்தான் அனுபவித்தேன்.

இணைப்புத் தொடங்கிக் கொஞ்ச நாளில், கணினியில் முதற் சிவப்பு அறிவித்தல் வந்தது. கூடவே முருகேசனும் அழைத்தார்.

“சார், அகதி முகாம்ல இருந்த பொண்ணு. பேரு நிலானி. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு, ரத்தம் எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர்றதுக்குள்ள ஃப்ளைட் ஏறிடுச்சு. பாசிட்டிவ் சார். மூளைக்கு ஏறுற வகை.”

மலேரியாவில் இரண்டு வகை எங்களுக்கு முக்கியம். ஒன்று ஆளை வாட்டும். மற்றது மருந்து பிந்தினால் ஆளைக் கொண்டுபோகும். நிலானிக்கு வந்தது இரண்டாவது. பலாலி விமான நிலையத்தில் உடம்புச் சூடு பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் குளிசை போட்டுக்கொண்டு வந்தவளுக்கு அப்போது சூடு இருக்கவில்லை. போதாததற்கு அது மாரி காலம். யாழ்ப்பாணத்தில் மாரியில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். இளம் டொக்டர்மார் பலர் மலேரியாவைப் புத்தகத்தில் மட்டும்தான் கண்டிருப்பார்கள். ஆகவே அவள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரியான மருந்து கிடைக்குமென்று நம்பியிருக்க ஏலாது. நாங்கள்தான் அவளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

விலாசம் கணினியில் இருந்தது: வெள்ளன்துறை. விமான நிலையத்தில் கொடுத்த விலாசமும் வெள்ளன்துறை. முருகேசன் முகாமுக்கே நேரில் போய் விசாரித்தார். “எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க சார். அம்மாவும் பொண்ணும் கல்யாணத்துக்காகச் சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. வெள்ளன்துறை. இந்த நம்பர்தான் இருக்கு, போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது.” இரண்டு நாட்டில், மூன்று இடத்தில், ஒரே பதில். புதிய முறை எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்று நான் டொக்டரிடம் பெருமையாகவே சொன்னேன்.

வெள்ளன்துறை வடக்குக் கரையில், யுத்தத்தில் சனம் எழும்பிப் போன ஊர். நெடுங்காலம் முழுவதும் முட்கம்பிக்குள் இருந்தது. அப்போதுதான் கம்பி கொஞ்சம் பின்வாங்கி, கரையோரத் துண்டொன்றை விட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது தகரக் கொட்டில்கள் சில, காயப்போட்ட வலை, இடிந்த சுவர்களுக்கு நடுவில் ஆளுயரப் பற்றை. கொட்டில்களில் இருந்த தொழிலாளிகள் நிலானி என்ற பெயரையே கேள்விப்படவில்லை. கம்பிக்கு அப்பால் காவலில் நின்ற இராணுவச் சிப்பாய், “இங்க சிவில் ஆள் இல்ல ஐயா, நாய் மட்டும் இருக்கு,” என்றான். கிராம சேவகரிடமும் அந்தக் குடும்பத்தைப் பற்றிய விபரம் இல்லை. அவர்கள் யுத்தத்தில் இந்தியாவுக்குப் படகேறிப் போனது அவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கும் முன்பு.

அலுவலகத்துக்கு வந்து சொன்னேன். “வெள்ளன்துறையிலை அப்பிடி ஆக்கள் இல்லை டொக்டர்.”

“இல்லையோ?”

குரல் இறங்கியிருந்தது. எனக்கு அன்று ஆத்திரம் தாங்க முடியவில்லை. “நான் என்ன டொக்டர், கம்பிக்குள்ளை பூந்து தேடுறதோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். வந்தபிறகு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு கிடக்கிறது, அதன் பெயர், வயது, வருத்தம் எல்லாம் எனக்குத் தெரியும், ஆள் இருக்கிற வீடு மட்டும் தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில், கொழும்புத்துறைச் சந்தியில் தேத்தண்ணீர் குடிக்க நின்றேன். கடைச் சுவரில் புதிதாக ஒட்டிய மரண அறிவித்தல். சும்மா பார்த்தேன். “வெள்ளன்துறையைப் பிறப்பிடமாகவும் கொழும்புத்துறையை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கியது.

கையிலிருந்த தேத்தண்ணீர் அப்படியே நின்றது. எங்கள் ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் படுத்தெழும்புகிற இடத்தையா சொல்வார்கள்? என் மனைவி கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு கொழும்புத்துறையில்தான் இருக்கிறாள், கேட்டால் இன்றைக்கும் “நாங்கள் கரவெட்டி” என்பாள். பாரிசில் பிறந்த பெறாமகன், மனைவியின் தங்கை பெற்றவன், தகப்பன் வழியில் தன்னைச் சண்டிலிப்பாயான் என்கிறான். நிலானி முகாமில் பிறந்தவள். வெள்ளன்துறையைக் கண்ணாலும் கண்டிராதவள். ஆனாலும் ஊர் எது என்று எதிர்க்கரையில் கேட்டபோது அதைத்தான் சொல்லியிருப்பாள். விமான நிலையத்தில் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். முகாம் சனம் முழுவதும் அதைத்தான் சொல்லும். மூன்று பதிலும் பொருந்தியதால் நான் நம்பினேன். மூன்றும் ஒரே வழக்கத்திலிருந்து வந்தவை என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? எங்களுக்கு அந்தக் குழப்பம் வரவே வராத இடம் மரண அறிவித்தல் ஒன்றுதான். செத்தபிறகாவது இரண்டு இடத்தையும் ஒழுங்காகப் பிரித்துப் போடுகிறோம்.

வெள்ளன்துறைக்கு ஆள் இல்லாவிட்டாலும் வெள்ளன்துறையார் இருக்கிறார்கள். சிதறிப்போன ஊர் ஒன்று முழுதாகக் கூடுகிற இடம் செத்தவீடு. கிரியை முடிந்திருக்கவில்லை. நான் அப்படியே, வேலைக்குப் போட்ட உடுப்போடு, அந்த வீட்டுக்குப் போனேன்.

பந்தலில் ஊர்ச் சங்கச் செயலாளரைக் கண்டுபிடித்து, இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த தாயும் மகளும் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “பூரணம் அக்காவையோ? உங்கை தூணடியிலை நிக்கிறாரே சிவபாதம், உவர்தான் அவவின்ரை தம்பி. உவற்றை வீட்டிலைதான்,” என்றார்.

சிவபாதம் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர். காணி வாங்கி அங்கேயே நிலைத்தவர். கிட்டப் போய், நான் யார் என்று சொல்லி, இந்தியாவிலிருந்து வந்தவர்களைச் சந்திக்க வேண்டும் என்றேன்.

“அதுகளுக்கு ஒரு காய்ச்சலும் இல்லை,” என்றார்.

நான் காய்ச்சல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. அது அவருக்கும் உறைத்துவிட்டது. பிறகு அவர் என்னை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனார்.

“தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், உதை இஞ்சை கதைக்காதேங்கோ. வாற கிழமை பிள்ளைக்குக் கலியாணம். மாப்பிளையின்ரை தாய் படிப்பிச்ச ரீச்சர். கண்டிப்பான மனிசி. முகாமிலை இருந்து வருத்தத்தோடை வந்த பிள்ளை எண்டு காதிலை விழுந்தால் எல்லாம் குழம்பிப் போடும். தேப்பன் இல்லாத பிள்ளை.”

“அண்ணை, கலியாணத்தைத் தள்ளிப் போடலாம். மருந்தைத் தள்ளிப் போட்டால் உங்கடை வீட்டிலும் இந்த மாதிரிப் பந்தல்தான் போடவேண்டி வரும்.”

செத்தவீட்டு முற்றத்தில் நின்று அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போகத் திரும்ப வேண்டிய ஒழுங்கையைச் சொன்னார். நான் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். மத்தியானம் கதவைச் சாத்தியதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சண்டிலிப்பாய் வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. அன்று காலைதான் பொன்னுருக்கு நடந்திருக்கிறது. தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தச் சடங்கு முடிந்துவிட்டால், பொம்பிளையும் மாப்பிள்ளையும் கலியாணம் வரை வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். வீட்டுக்காரர் செத்தவீட்டுக்குப் போவதும் ஆகாதுதான்; சிவபாதம் ஊர்க் கடனுக்காகத் தலைகாட்டப் போனவர். நிலானி உள்ளறையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தாய் பூரணம், “பிரயாணக் களைப்பு, வேறை ஒண்டுமில்லை,” என்றார். சொல்லும்போது அவர் கண் அறைக் கதவிலேயே இருந்தது.

டொக்டர் அவசரப்படவில்லை. கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்தார். தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று விசாரித்தார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பிறகு, “கடல் கடந்து வாற எல்லாற்றை வீட்டிலும் நாங்கள் இரத்தம் பாக்கிறனாங்கள். வீட்டிலை இருக்கிற ஒருத்தரையும் விடுறேல்லை,” என்று சொல்லிவிட்டு, முதலில் தன் விரலையே என்னிடம் நீட்டினார். குத்தினேன். அடுத்தது சிவபாதம், அவர் மனைவி, பூரணம். கடைசியில்தான் உள்ளறை. பிள்ளையின் கை அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “மெதுவாங்க அண்ணை,” என்று இரண்டு கரைப் பேச்சையும் கலந்து சொன்னாள்.

சோதனை அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்துக் காத்திருந்தோம். நிலானியின் அட்டையில் மட்டும் இரண்டாவது கோடு விழுந்தது. டொக்டர் தாயையும் மாமனையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வருத்தத்தின் பெயரைச் சொன்னார். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாறிவிடும் என்றும், நாளைக்கு என்றால் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

சிவபாதம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். “இண்டைக்குத்தானே டொக்டர் பொன்னுருக்கினது. மருந்தை இஞ்சை கொண்டுவந்து குடுக்கேலாதோ? பிள்ளை படி தாண்டினால் சனம் என்ன சொல்லும்? மாப்பிளை வீட்டார் என்ன சொல்லுவினம்?”

டொக்டர் வாயைத் திறப்பதற்குள் பூரணம் எழும்பினார். அதுவரை சத்தமாக ஒரு வார்த்தை பேசாத மனிசி.

“கடலைத் தாண்டினனாங்கள் தம்பி, உந்தப் படியைத் தாண்டேலாதோ? எடு வாகனத்தை.”

அதோடு பேச்சு முடிந்தது. மகளைத் தாங்கிப் பிடித்து, வாழை கட்டிய வாசலால் அவரே வெளியே கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் இரவு தாண்டியதும் மருந்து பிடித்தது. அந்தக் காலை டொக்டர் எஸ்தர் நோயாளர் விடுதி நடைபாதையில் என்னைப் பார்த்து, “தேவராசா, பிள்ளை இடியப்பம் சாப்பிட்டுதாம்,” என்றார். நான் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டுதாமோ?” என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றொரு நாள்தான்.

எங்களுக்கு மிச்ச வேலை இருந்தது. சண்டிலிப்பாயில் அயல் வீடுகள் எல்லாவற்றிலும் இரத்தம் பார்த்தோம். தோட்டக் கிணறுகளுக்கு நுளம்பின் குடம்பிப் புழுக்களைத் தின்னும் மீன்குஞ்சு விட்டோம். வேறு ஒருவருக்கும் பரவியிருக்கவில்லை. முருகேசன் அந்தப் பக்கம் முகாம் முழுவதையும் சோதித்து, இன்னும் சிலரைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார். ஒரு செய்தி கடலைக் கடந்து, ஆளைக் கண்டுபிடித்து, திரும்பவும் கடலைக் கடந்து போய் மற்றவர்களையும் காப்பாற்றியது. இத்தனை கூட்டங்களில் கொட்டாவி விட்டது இதற்காகத்தான் என்றால் இன்னும் பத்துக் கூட்டத்துக்கும் போகலாம் என்று தோன்றியது.

அடுத்த கூட்டத்தில், இரண்டு நாட்டு அதிகாரிகளும் திரையில் இருக்க, டொக்டர் எஸ்தர் எழுந்து, நோயாளியிடம் இடத்தை இரண்டு கேள்வியாகக் கேட்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் ஒன்றை அப்படியே வாசித்துக் காட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்கள். பெரிய கூட்டத்தில் சாவுச் செய்தி வாசித்தால் வேறு என்ன செய்வார்கள், பாவம். முருகேசன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்தான் முதலில் கையும் உயர்த்தினார். “எங்க பக்கத்துலயும் திருப்பூர்ல வேலை பாக்குறவன் சொந்த ஊரைத்தான் சொல்வான் மேடம்,” என்றார். கேள்வி இரண்டாகியது. வதிவிடம் என்று கேட்டால் அதற்கும் சிலர் சொந்த ஊரைச் சொல்லிவிடக்கூடும் என்று, இப்போது எங்கே படுத்தெழும்புகிறீர்கள் என்று நான்தான் போடச் சொன்னேன். கீர்த்தனா, உன் மேலிடத்துக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். இனி வருவது உனக்கு.

நிலானி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது டொக்டர் அவளிடம், மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று கேட்டார். “அவருக்கு நானே சொல்லுறன்,” என்று தொலைபேசியில் மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவன் நல்ல பெடியன். கலியாணம் குறித்த நாளிலேயே நடக்கட்டும், அம்மாவுக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றான். ஆகவே ரீச்சருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் எல்லா ஏற்பாடும் நடந்தது.

மலேரியா மாறியவருக்கு மருந்து தொடங்கிய ஏழாம் நாள் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும். அது கலியாண நாளிலேயே வந்து விழுந்தது. ஒரு நாள் பிந்தினால் என்ன என்று டொக்டரிடம் கேட்டேன். “பிந்தினால் என்னவோ?” என்றார். நான் வேட்டி கட்டி, ஊசியையும் கண்ணாடித் தட்டையும் பரிசுப் பொருள் மாதிரி ஒரு பையில் போட்டுக்கொண்டு, திருநெல்வேலிக் கலியாண மண்டபத்துக்குப் போனேன். அன்று எடுத்த தட்டில் கிருமி இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொம்பிளை அறையில் நிலானி முழு அலங்காரத்தோடு இருந்தாள். பூரணமும் சிவபாதமும் பக்கத்தில். நான் பையைத் திறந்து ஊசியை எடுக்கவும், கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையின் தாய் உள்ளே வரவும் சரியாக இருந்தது. பொம்பிளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். பட்டுச் சேலை, மூக்குக் கண்ணாடி, வகுப்பறைக்குள் வருகிற நடை.

“என்ன தம்பி உந்தப் பையிலை?”

பொய் சொல்லக் கூடாது. இன்னொருவர் வருத்தத்தையும் சொல்லக் கூடாது. “இரத்தம் எடுக்கிற ஊசி ரீச்சர்,” என்றேன்.

“ஆருக்கு?”

சிவபாதம் சுவரைப் பார்த்தார். நிலானிதான் எழுந்து நின்றாள். தெளிவாகச் சொன்னாள்.

“எனக்கு மாமி. எனக்கு மலேரியா வந்தது. உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டம்.”

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பப் போட்டார். அதற்குள் எனக்கு மண்டபத்து மேளம், மணவறையில் அய்யர் சொல்லும் மந்திரம் எல்லாம் காதில் விழாமல் போய்விட்டது. பிறகு அவர் நிலானிக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

“வன்னிக்கு இடம்பெயர்ந்து மரத்தடியிலை கிடந்த நேரம் எனக்கும் வந்தது பிள்ளை. ஒருக்கால் இல்லை, மூண்டு தரம். கடைசித் தரம் வரேக்கை நான் வயித்துப்பிள்ளைக்காரி. பிள்ளை தங்காது எண்டிட்டினம்.”

அவள் விரலைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

“கெதியாக் குத்துங்கோ தம்பி. தங்காது எண்ட பிள்ளைதான் உங்கை மணவறையிலை பாத்துக்கொண்டிருக்கிறான்.”